பதினோரு பை

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் மேஸ்திரி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் ‘பதினோரு பை’. வயதில் சிறியவர்கள் மரியாதைக்காகக் கடைசியில் ஓர் ‘அக்கா’வை ஒட்டவைத்துக்கொள்வார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் தானாக வந்தது, இது தான் சம்பாதித்தது என்பாள்.

அந்தப் பெயர் வந்த கதை அவளுடைய உடுப்பின் கதை.

மின்சார வேலைக்கான இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டு அவள் அங்கே உதவியாளாகச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. அதுவரை அந்தப் பட்டறையில் ஒரு பெண் வேலை பார்த்ததில்லை. முதல் நாள் ஸ்டோர்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அலமாரியின் அடியிலிருந்து கருநீல பாய்லர் சூட் ஒன்றை உருவி மேஜைமேல் போட்டார். சட்டையும் பேன்ட்டும் ஒரே துணியாகச் சேர்ந்த முழு உடுப்பு அது. ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது. அவள் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் பட்டறையே சிரித்தது. கைகளை நான்கு மடிப்பு மடித்தாள், கால்களை ஐந்து மடிப்பு. இடுப்பில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இறங்கும்போது கால் மடிப்பு அவிழ்ந்தது. தன் துணியைத் தானே மிதித்தாள். விளிம்பில் தடுமாறியவளைப் பின்கழுத்துக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தியவர் மேஸ்திரி. அவருக்குக் கோபத்தில் வாய் குழறியது.

“உனக்கு வேல தெரியுது, ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கூடாரத்த மாட்டிக்கிட்டு என் முன்னால வராத. உடுப்ப சரி பண்ணிட்டு வா. இல்லன்னா வராத.”

அன்று மாலை நான்கு தையற்கடைகள் ஏறி இறங்கினாள். துணியைத் தொட்டுப் பார்த்ததுமே எல்லாரும் கையை விரித்தார்கள். இவ்வளவு தடித்த துணியில் ஊசி உடைந்துவிடுமாம். கடைசியாக, ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும் தைக்கும் கடை ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பெரிய தையல் மெஷின், அதன் பின்னால் ஒல்லியாக ஓர் இளைஞன்.

“நாங்க ஜன்னலுக்குத்தான் தைப்போம். ஆளுக்குத் தைக்கறதில்ல” என்றான் அவன்.

“அப்ப என்னையும் ஒரு ஜன்னலாவே நெனச்சுக்குங்க.”

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து, திரை அளக்கும் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். மற்ற தையற்காரர்கள் கேட்கிற எதையும் அவன் கேட்கவில்லை.

“என்ன வேல பாக்கறீங்க? எப்படிப் பாக்கறீங்க? அத அப்படியே செஞ்சு காட்டுங்க.”

தொங்கும் திரைகளுக்கு நடுவே அவள் குனிந்தாள், குந்தினாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையை அண்ணாந்து நீட்டினாள். சோபா உறை வாங்க வந்திருந்த கணவனும் மனைவியும் வந்த வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள். அவன் மட்டும் முழங்கால் மடங்கும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடும், தோள் உயரும் இடத்தில் ஒரு கோடும் போட்டுக்கொண்டே போனான்.

இரண்டு நாள் கழித்து அவள் போட்டுப் பார்த்த உடுப்பு வேறொரு பிறவி எடுத்திருந்தது. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருந்ததால் கையைத் தூக்கினால் கை மட்டும்தான் உயர்ந்தது, இடுப்புத் துணி கூடவே ஏறவில்லை. குந்தினால் முழங்காலில் துணி இறுக்கவில்லை. மடிப்புகள் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தன. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கு அழகாக இருக்கிறோம் என்று தோன்றவில்லை. வேலை தெரிந்தவளாக இருக்கிறோம் என்று தோன்றியது. அந்த நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்ததை அவள் கண்ணாடியிலேயே கண்டாள்.

அப்போது அதில் நான்கு பைகள்தான். மற்றவை ஒவ்வொன்றும் ஓர் அடி பட்ட பிறகு வந்தவை. ஒருநாள் கைநழுவிய ஸ்பேனர் ஒன்பது மாடி விழுந்து, ஆளில்லாத குழியில் போய்ச் சத்தம் போட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திரைக்கடையில் போய் நின்றாள். வலது தொடையில் ஆழமாக, மூடியோடு ஒரு பை வந்தது. இன்னொரு நாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தை, வெளியே அவள் சாவியைத் தேடிய நேரமெல்லாம் அழுத அழுகைக்குப் பிறகு, லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவிக்கு இடுப்பின் வலப்பக்கம் தனியாக ஒரு சின்னப் பை. டெஸ்டருக்கு இடது மார்பில். கைதுடைக்கும் துணிக்கு இடுப்புக்குப் பின்பக்கம். எட்டாவது பைக்காக அவள் அரைநாள் லீவு கேட்டபோது மேஸ்திரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பையத் தைக்கப் போறியா, பையனப் பாக்கப் போறியா?”

“ரெண்டுக்கும்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பதாவது பைக்கும் பத்தாவது பைக்கும் நடுவில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. பதினோராவது பையை அவள் கேட்கவே இல்லை. இடது பக்கம் உள்ளே, மெத்தென்ற துணி வைத்துக் கணவராகவே தைத்திருந்தார்.

“இதுல எத வெக்கறது?”

“ஒண்ணும் வெக்காத. குளுந்தா கைய வெச்சுக்க.”

அதோடு பைகள் நின்றன. அந்த அளவிலேயே, அதே துணியில், கணவர் இன்னும் இரண்டு தைத்துக்கொடுத்தார். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில். நீலம் வெளுத்து வெளுத்துச் சாம்பலாகியது. கிழிந்த இடத்தில் ஒட்டும், ஒட்டு கிழிந்த இடத்தில் இன்னோர் ஒட்டும் ஏறின. துவைக்க யாரிடமும் கொடுக்கமாட்டாள். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில்தான் காயப்போடுவாள். லீவு நாளில் வீட்டு ஃபேனைத் துடைக்கவும் அதுதான், குழாயைக் கழற்றவும் அதுதான். புது உடை போட்டால் அடுத்தவர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். இதை மாட்டினால்தான் சொந்த வீட்டில் காலை நீட்டிக்கொண்ட நிம்மதி.

மகளுக்கு இது பெரிய மானப்பிரச்சினை. ஏழாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“அம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் மனுஷங்க மாதிரி வாயேன்.”

மகளுக்காகப் பூப்போட்ட உடை ஒன்றை உடுத்திக்கொண்டு போனாள். டீச்சர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசப் பேச, இவள் கை தொடையில் பையைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தது. “உங்களுக்கு ஏதாவது பூச்சி கடிக்குதாம்மா?” என்று டீச்சர் கேட்டுவிட்டார். மகள் அதன்பிறகு உடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்படி இருபத்தைந்து வருடம் ஓடியது. உதவியாள் மெக்கானிக் ஆகி, மூத்த மெக்கானிக்கும் ஆனாள். மேஸ்திரி ஓய்வுபெற்றுப் போனார். பிறகு கம்பெனி கைமாறியது.

புதிய நிர்வாகம் அனுப்பிய எஞ்சினியருக்கு முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. வந்த மாதமே பதினான்கு மெக்கானிக்குகளையும் முற்றத்தில் கூட்டிப் புதிய சீருடையைக் கொடுத்தார். பளீரென்ற ஆரஞ்சு நிறம், இழுத்தால் நீளும் மெல்லிய துணி, நான்கு பைகள். கருவிகளுக்குத் தோளில் மாட்டும் பை தனி.

“இருட்டான குழிக்குள்ள ஆள் இருக்கறது தெரியணும். அதுக்குத்தான் இந்தக் கலர். நாளையிலிருந்து எல்லாரும் இதுதான்” என்றார்.

அவள் கையைத் தூக்கினாள். “கலர் சரி சார். என்மேல மூணு தடவ கதவ மூடிட்டுப் போயிருக்காங்க, உள்ள நான் இருக்கறது தெரியாம. ஆனா பை போதாது. நான் என்னோடதையே போட்டுக்கலாமா?”

“ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க. பழகிடும்.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அவள் மூன்று சாம்பல் உடுப்புகளையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். கணவர் ஆரஞ்சு உடுப்பை இஸ்திரி போட்டுக்கொடுத்தார். போடும்போதே அக்குளுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதத் தைச்சவன் வாழ்க்கையில ஒரு நாள்கூடக் குனிஞ்சதில்ல.”

அவள் முழு மனதோடுதான் போட்டுப் பார்த்தாள். ஆனால் மனம் கேட்டாலும் கை கேட்க வேண்டுமே. ஸ்பேனருக்காகத் தொடைக்குப் போன கை வழுக்கும் துணியைத் தடவிவிட்டு ஏமாந்து திரும்பியது. தோள்பை குனியும்போதெல்லாம் முன்னால் வந்து முகத்தில் இடித்தது. பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள்: “அக்கா, உங்களுக்கு இனிமே ‘நாலு பை’ன்னு பேர் வெச்சுடலாமா?” சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து, சாம்பல் உடுப்பு இல்லாத கொடியைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

பத்தாம் நாள் அவளுக்கு வாரலீவு. காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. சமையலறைக் குழாய் ஒழுகியது. பெட்டியைத் திறந்து சாம்பல் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, குழாயைச் சரிசெய்தாள், பழக்கத்தில் தோள்பையிலிருந்த கருவிகளையும் எடுத்து அதனதன் பையில் போட்டுவைத்தாள். பத்து நாள் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பியது போலிருந்தது. நடுப்பகல் தாண்டியதும் போன் அடித்தது. எஞ்சினியரின் குரல் படபடத்தது.

“உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒம்போது மாடிக் கட்டடம் தெரியுமில்ல? கரண்ட் போயிடுச்சு. லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. உள்ள அஞ்சு பேர். ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது. மத்த ஆளுங்க எல்லாம் தண்ணியில மாட்டிக்கிட்டாங்க. நான் மட்டுந்தான் இங்க வந்து சேந்திருக்கேன்.”

“வந்துட்டேன் சார்” என்றாள். உடுப்பை மாற்றும் யோசனையே வரவில்லை.

நனைந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள். ஜெனரேட்டரிலும் தண்ணீர் ஏறி, கட்டடம் குகைபோல் இருண்டு கிடந்தது. போகும் வழியில் ஐந்தாவது மாடியில் நின்று, கதவில் வாயை வைத்து உள்ளே இருந்தவர்களிடம் பேசினாள். “பயப்படாதீங்க. பெட்டி எங்கயும் விழாது. பெரியவரக் கீழ உக்கார வெச்சு, சட்டப் பொத்தானக் கழட்டி விடுங்க. லிஃப்ட் லேசா அசையும், அப்ப யாரும் கத்தக் கூடாது.” வாட்ச்மேனிடம் இருந்தது ஒரே ஒரு மெழுகுவத்தி. அதோடு அவரை அந்தக் கதவின் கண்ணாடிப் பட்டைக்கு முன்னால் நிறுத்தினாள். “பெட்டியோட தரை இந்தத் தரைக்குச் சமமா வர்றப்ப சத்தமாச் சொல்லணும். லிஃப்ட் கயிறு போற ஓட்டை வழியா மேல எனக்குக் கேக்கும்.”

மொட்டைமாடிக்குப் பக்கத்திலிருந்த மோட்டார் அறைக்கு ஜன்னல் கிடையாது. எஞ்சினியர் தன் போனின் வெளிச்சத்தைப் பிடித்தார். அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள். வேலை நடுவில் மின்சாரம் வந்து யாராவது போட்டுவிடக் கூடாது என்று, இடது இடுப்புப் பையிலிருந்த சொந்தப் பூட்டை எடுத்து அதில் மாட்டினாள். மோட்டாரின் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பெட்டி தரைமட்டத்துக்கு வரும். ஆனால் பிரேக்கின் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. முழங்காலுக்கு மேலிருந்த பையிலிருந்து எண்ணெய்க் குப்பி வந்தது. அந்தச் சமயம் பார்த்து, காலையிலிருந்து ஊரெல்லாம் அழைத்துக் களைத்திருந்த போன் அணைந்துபோனது.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. தன் கையே தனக்குத் தெரியவில்லை.

“ஐயோ! இருங்க, கீழ போயி டார்ச் எதாவது...”

“ஒம்போது மாடி எறங்கி ஏறணும் சார். பெரியவரால அவ்வளவு நேரம் முடியாது. நீங்க அசையாம அங்கயே நில்லுங்க.”

அவள் அவசரப்படவில்லை. வலது கை தொடைக்குப் போனது, மூடியைத் தூக்கியது, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடது கை நட்டைத் தடவிக் கண்டுபிடித்தது. மூன்று தடவை வழுக்கியது. பின்பையிலிருந்து துணியை உருவி நட்டைத் துடைத்து மறுபடி மாட்டினாள். எஞ்சினியருக்குக் கேட்டதெல்லாம் துணி உரசும் சத்தமும் இரும்பு இரும்பில் உட்காரும் சத்தமும்தான். கருவி விழும் சத்தம் ஒரு தடவைகூட இல்லை. கடைசியில் நட்டு ‘கிரீச்’சென்று அசைந்து கொடுத்தது.

“இப்ப சக்கரத்தப் புடிங்க சார். நேரா முன்னால, இடுப்பு உயரத்துல. நான் ‘சுத்து’ன்னா சுத்துங்க. ‘புடி’ன்னா உசுரு போனாலும் விடாதீங்க.”

“சரி... சரிங்க.”

“சுத்து... புடி. சுத்து... புடி.”

கீழேயிருந்து வாட்ச்மேனின் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “இன்னும் ரெண்டு ஜாண்! ஒரு ஜாண்! நாலு விரக்கட... ஆங், போதும், போதும்!”

பிரேக்கை இறுக்கிவிட்டு, படிக்கட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடினாள். இடுப்பிலிருந்த முக்கோணச் சாவி, வாட்ச்மேனின் மெழுகுவத்தி அணைவதற்குள் கதவைத் திறந்தது. ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். பெரியவர் படியில் உட்கார்ந்து நெடுநேரம் காற்றை இழுத்து இழுத்து விட்டார். மூச்சு சீரானதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிச்சமே இல்லாம எப்படிம்மா செஞ்ச?”

“எனக்கு இருட்டுல கண்ணு தெரியாதுங்க. இந்த உடுப்புக்குத் தெரியும்.”

எஞ்சினியர் இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். அவர் அந்த ஒட்டுப்போட்ட சாம்பல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன பைன்னு சொன்னாங்க?”

“பதினொண்ணு சார்.”

“தப்பு என்னோடதுங்க” என்றார் அவர். “நான் கலரத்தான் பாத்தேன். கையப் பாக்கல.”

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார், பாதுகாப்புப் பிரிவுக்குப் பொறுப்பானவர். எஞ்சினியர்தான் அழைத்திருந்தார். உடுப்பைப் பற்றிப் பேசச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். “பேச வராது சார். செஞ்சு காட்டறேன்.” பட்டறை முற்றத்தில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். கல்லூரியில் படிக்கும் மகளும் அப்பாவோடு வந்திருந்தாள். தாயின் கண்ணைக் கட்டும் துணியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே வாங்கிக்கொண்டாள்.

“இறுக்கிக் கட்டுடி. அப்புறம் பாத்துதான் எடுத்தான்னு பேச்சு வரும்.”

“வரட்டும் பாக்கலாம்” என்றாள் மகள்.

எஞ்சினியர் கருவிகளின் பெயரைக் கலைத்துப் போட்டுச் சொல்லச் சொல்ல, அவர் வாயை மூடும் முன்பே கருவி நீட்டிய கையில் இருந்தது. பத்தும் முடிந்தது. பிறகு இன்னொரு மெக்கானிக்கின் கண்ணைக் கட்டித் தோள்பையைக் கொடுத்தார்கள். முதல் கருவிக்கே பை கவிழ்ந்து முற்றமெல்லாம் இரும்பு உருண்டது. அந்த மனிதரே விழுந்து விழுந்து சிரித்தார். கைதட்டலில் மகளின் விசில் சத்தம் தனியாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க அம்மா. தைச்சது எங்க அப்பா.”

தலைமை அலுவலக அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “அப்ப எல்லாருக்கும் இதே மாதிரி பதினோரு பை வெச்சுத் தைச்சுடலாமே?”

அவள் கண்கட்டை அவிழ்த்தாள். “வேண்டாங்கம்மா. இது என் கை போற வழி. அவங்கவங்க கை எங்க போகுதுன்னு அவங்கவங்களக் கேட்டுத் தைங்க. கைக்கும் முதுகுக்கும் ஆரஞ்சுப் பட்டை வெச்சுடலாம். சார் சொன்னது அதுல சரி.”

இரண்டு மாதம் திரைக்கடையில் ஜன்னல்கள் காத்திருந்தன. கணவர் பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராக வரவழைத்து, குனியவைத்து, குந்தவைத்து, கையைத் தூக்கவைத்து அளவெடுத்தார். ஒருவருக்கு ஏழு பை, ஒருவருக்கு ஒன்பது. மூட்டுவலிக்காரர் ஒருவருக்கு முழங்காலில் பஞ்சு வைத்துத் தைத்தார். அவளுடைய மூன்று பழைய உடுப்புகளிலும் ஆரஞ்சுப் பட்டை ஏறியது. புதிதாக ஒன்று தைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “அதுக்கு இன்னும் காலம் இருக்கு” என்றாள்.

எல்லாரும் புது உடுப்பில் வந்த திங்கட்கிழமை காலையில் அவள் முற்றத்தில் நின்று பார்த்தாள். பதினான்கு பேரில் ஒருவர் உடுப்பைப் போல் இன்னொருவருடையது இல்லை. அவர்களில் ஒருவர், வயதில் அவளுக்கு மூத்தவர், எதைக் கேட்டாலும் ‘உம்’ என்பதற்கு மேல் பேசாத மனிதர், வரிசையிலிருந்து விலகி அவளிடம் வந்தார். அவர் உடுப்பின் பைகள் அத்தனையும் இடது பக்கமாக இருந்தன. அவர் இடதுகைக்காரர் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கூடவே இருபது வருடம் வேலை பார்த்திருக்கிறாள்.

“உன் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார்” என்றார் அவர். “எந்தக் கையில எடுப்பீங்கன்னு கேட்டார். இதுவரைக்கும் அப்படி ஒருத்தரும் என்னக் கேட்டதில்லம்மா. சட்ட எப்படி இருந்துச்சோ அப்படிக் கையத் திருப்பிக்கிட்டேன். என் கை மந்தம்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு இடது தொடையிலிருந்து ஸ்பேனரைச் சட்டென்று உருவிக் காட்டினார். மறுபடி போட்டார். மறுபடி உருவினார். பொம்மை கிடைத்த குழந்தைபோல் அவர் முகம் மின்னியது.

இருட்டில் ஐந்து பேரை மீட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் வேலைச் சீட்டைப் பார்த்தாள்.

“வாங்கண்ணே. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கதவு சிக்குதாம். இன்னிக்கு நீங்க முன்னால ஏறுங்க, நான் பின்னால நிக்கறேன்.”

“உம்” என்றார் அவர். இந்தத் தடவை சத்தமாக.